சிறுநீரில் புரதமும் இரத்த அணுக்களும்: எதிர்ப்பாற்றல் சிறுநீரகத்தைத் தாக்குவதை அறிக்கையிலிருந்து அறிய முடியுமா?

கொருக்குப்பேட்டை அக்கா:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு இருபத்தைந்து வயதாகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் தொண்டை வலியும் காய்ச்சலும் கண்ட மறுநாளே அவனுக்குச் சிறுநீர் பால் கலக்காத டிகாஷன் நிறத்தில் போனது. எரிச்சல் இல்லை, வயிற்று வலியும் இல்லை. தெருவில் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்று நாளில் நிறம் தெளிந்துவிட்டதால் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஆனால் அப்போது எடுத்த யூரின் ரிப்போர்ட்டில் அல்புமின் (புரதம்) 2+, ஆர்பிசி (சிவப்பணு) 20-25, பஸ் செல் (சீழ் அணு) 2-4, பாக்டீரியா இல்லை என்று இருந்தது. ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை. நிறம் தெளிந்த பிறகு மறுபடி எடுத்தபோதும் அல்புமின் அதே 2+, ஆர்பிசி 8-10. இரத்த அழுத்தம் 146/94, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2. ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டியதற்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் வகை நோயாக, குறிப்பாக ஐஜிஏ நெஃப்ரோபதியாக இருக்கலாம் என்றும், பயாப்சி செய்தால்தான், அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு திசு எடுத்துச் சோதித்தால்தான், உறுதியாகும் என்றும் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தி என்றால் நம்மைக் காப்பது என்றுதானே படித்திருக்கிறோம்? இந்த ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்த்து அவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்.

வண்ணாரப்பேட்டை லேப்:

சகோதரி, நான் மருத்துவர் அல்ல, ஆய்வக நுட்பர். ஆகவே அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் தம்பியின் தாளில் மருத்துவரின் கவனத்தை ஈர்த்தது ஏதோ ஒரு வரியாக இருந்திருக்காது, அல்புமினும் ஆர்பிசியும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்ததுதான். கல்லோ, சிறுநீர்ப்பையில் புண்ணோ இருந்தால் இரத்தம் வரும், ஆனால் புரதம் இந்த அளவுக்கு வருவது வழக்கமில்லை. தொற்று என்றால் பஸ் செல்கள் ஏராளமாகத் தெரியும். இங்கே 2-4 தான். சிவப்பணுவும் புரதமும் சேர்ந்து இறங்கி, தொற்றுக்கான அடையாளம் இல்லாமல் இருந்தால், கசிவு கீழே உள்ள குழாய்களில் அல்ல, சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியிலேயே என்று சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இத்தகைய வடிகட்டிகள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. வடிகட்டி நலமாக இருந்தால் சிவப்பணு அதன் வழியே வெளியே வராது, புரதமும் நாள் முழுவதற்கும் 150 மில்லிகிராமுக்குள்ளேயே நிற்கும்.

இதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து மில்லி சிறுநீரைக் குழாயில் ஊற்றிச் சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கவிழ்த்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்ப்போம். கல்லினாலோ கட்டியினாலோ வரும் சிவப்பணுக்கள் பெரும்பாலும் வட்டமாக, ஒரே சீராக இருக்கும். வடிகட்டியின் சுவரைப் பிளந்துகொண்டு வந்தவை அப்படி இருப்பதில்லை. சில நசுங்கியிருக்கும், சிலவற்றின் விளிம்பில் குமிழ் குமிழாகப் புடைத்திருக்கும். அவற்றைவிட முக்கியமானது ஆர்பிசி காஸ்ட். சிவப்பணுக்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் புரதத்தோடு சேர்ந்து இறுகி, அந்தக் குழாயின் வடிவத்திலேயே செங்கல் நிற உருளையாக வெளியே வரும். அந்த உருளை ஒன்று கண்ணில் பட்டால் போதும், அழற்சி வடிகட்டியில்தான் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த உருளைகளும் அணுக்களும் நேரம் ஆக ஆகக் கரைந்துவிடும். எண்ணூரிலோ மணலியிலோ காலையில் சேகரித்த மாதிரி, வெயிலில் பையில் கிடந்து நண்பகலில் எங்களிடம் வந்து சேர்ந்தால், பட்டை சோதனையில் (வேதிப்பொருள் தடவிய பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பது) இரத்தம் 3+ என்று நிறம் மாறும், நுண்ணோக்கியிலோ ஒன்றும் இருக்காது. (தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்கினாலும் இதே முடிவு வரும் என்பது வேறு கதை.) ஆகவே மாதிரியை ஆய்வகத்துக்கே சென்று கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடும்படி கேளுங்கள். எந்திரம் அச்சடித்த எண் மட்டும் போதாது. வண்டலைக் கண்ணால் பார்த்து, அணுக்களின் வடிவத்தையும் காஸ்ட் உண்டா இல்லையா என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூலக்கொத்தளம் பெரியவர்:

ஆய்வகக்காரர் சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் துறைமுக வேலையை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்பவனுக்குச் சிறுநீர் கறுத்துப் போவது எங்களுக்குப் புதிதல்ல. இளநீரும் மோரும் குடித்து ஒரு நாள் நிழலில் இருந்தால் சரியாகிவிடும். அந்தப் பையனுக்கும் மூன்றே நாளில் தெளிந்துவிட்டதே? தெளிந்த பிறகும் பயாப்சி வரை போக வேண்டுமா? இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பெரிய சோதனை எழுதிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வண்ணாரப்பேட்டை லேப்:

ஐயா, நீர் வற்றிய சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ இருக்கும். நீர் குடித்தால் வெளுக்கும். அதில் புரதம் ஓரளவு கூடுதலாகக் காட்டினாலும், நல்ல நிலையில் எடுக்கும் அடுத்த மாதிரியில் அது மறைந்துவிட வேண்டும். காய்ச்சலும் கடும் உடலுழைப்பும் கூடத் தற்காலிகமாகப் புரதத்தை இறக்கும். காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கும், பீட்ரூட் சிலருக்குச் சிவப்பாக்கும். மருந்தாலோ உணவாலோ வரும் இந்த நிற மாற்றத்தில் சிவப்பணு இருக்காது. இந்தத் தம்பிக்கு நிறம் போய்விட்டது, ஆனால் அணுக்களும் புரதமும் போகவில்லை. கண்ணுக்குத் தெரிவது நின்றதை நோய் நின்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

இந்த இழையைப் படித்தபோது என் அனுபவத்தையும் பதிய வேண்டும் என்று தோன்றியது. எனக்கு லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் நோயால் வரும் சிறுநீரக அழற்சி. இரத்தம் கண்ணுக்குத் தெரியும்படி எனக்கு ஒருநாளும் போனதில்லை. முதலில் வந்தது விரல் மூட்டு வலி; சிக்குன்குனியாவின் மிச்சம் என்று வலி மாத்திரை தந்தார்கள். பிறகு காலையில் எழுந்தால் கண்ணிமைகள் உப்பியிருந்தன, மாலையில் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. சிறுநீர் நுரைத்துக்கொண்டே போனது. எல்லோருக்கும் வேகத்தில் விழும்போது கொஞ்சம் நுரை வருவது இயல்பு, அது சற்று நேரத்தில் அடங்கிவிடும். எனக்கோ தண்ணீர் ஊற்றிய பிறகும் மெல்லிய வெண்படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசோதித்தபோது அல்புமின் 3+. சொந்த அணுக்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஏஎன்ஏ பாசிட்டிவ், அதே வகையான டிஎஸ்டிஎன்ஏ எதிர்ப்பொருள் மிக அதிகம், இத்தகைய அழற்சியில் செலவாகிக் குறையும் இரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைவு என்று வந்த பிறகுதான் மூட்டு வலிக்கும் முக வீக்கத்துக்கும் மூலம் ஒன்றே என்று புரிந்தது.

பயாப்சியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வயிற்றின் அடியில் துணிச்சுருளை வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகில் கீழ் விலா எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொன்னார்கள். ‘டக்’ என்று ஒரு ஓசை, உள்ளே ஓர் அழுத்தம், அவ்வளவுதான். வெளியே வந்த துண்டு பென்சில் முள்ளைப் போல மெலிந்து இருந்தது. அதன் பிறகு மல்லாந்து அசையாமல் படுத்திருந்ததுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு முறை போன சிறுநீரையும் தனித்தனிக் குப்பியில் பிடித்து, சிவப்பு குறைகிறதா என்று வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்து, ஆஸ்பிரின் போன்றவற்றை நிறுத்தியிருந்தார்கள்.

முடிவு நான்காம் வகுப்பு லூபஸ் நெஃப்ரைட்டிஸ். எதிர்ப்பாற்றலின் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட், ஹைட்ராக்சிகுளோரோகுவின் மூன்றும் தொடங்கினார்கள். இளம்பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும். திருமணம், கர்ப்பம் பற்றிய திட்டத்தை மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுவின் எடுப்பவர்கள் கண் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது.

கொருக்குப்பேட்டை அக்கா:

ஆசிரியை அவர்களுக்கு மிக்க நன்றி. அம்மாவுக்குத்தான் பயம், கிட்னியில் ஊசி குத்தினால் அதுவே கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தம்பியும் வலியே இல்லாத நோய்க்கு எதற்கு இதெல்லாம் என்கிறான். இடுப்பு வலிக்காக அவன் அடிக்கடி மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறான் என்பதையும் குறிப்பிட வேண்டும். சிறுநீரில் தெரிவதை வைத்தே மருந்து கொடுக்க முடியாதா?

சிறுநீரக மருத்துவர் (பெரம்பூர்):

நோயாளியை நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது; பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேண்டுகோள், டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். அழற்சி உள்ள சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்த ஓட்டத்தை அந்த வகை வலி மாத்திரைகள் மேலும் குறைக்கும்.

எதிர்ப்பாற்றல் நம்மைக் காப்பதுதானே என்று கேட்டிருந்தீர்கள். இந்த நோய்கள் பலவற்றில் சிறுநீரகம் நேரடிக் குறியாக இருப்பதில்லை. ஐஜிஏ என்பது தொண்டை, குடல் போன்ற ஈரச் சவ்வுகளைக் காக்கும் எதிர்ப்பொருள். சிலருடைய உடலில் அது சர்க்கரைச் சங்கிலியில் குறையோடு உருவாகிறது. அந்தக் குறையை அந்நியம் என்று கருதி உடல் அதற்கே ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இரண்டும் பிணைந்த கூட்டுப்பொருள் இரத்தத்தில் சுற்றி வந்து வடிகட்டியின் நடுப்பகுதியில் படிந்து அழற்சியைத் தூண்டுகிறது. தொண்டையில் தொற்று வந்தால் ஐஜிஏ உற்பத்தி கூடும் என்பதால்தான், உங்கள் தம்பிக்கு நேர்ந்தது போல, தொண்டை வலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே சிறுநீர் கறுக்கிறது. லூபஸில் கதை வேறு, அங்கே உடல் தன் அணுக்கருவுக்கே எதிராகப் படை திரட்டுகிறது. மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற வகையில் எதிர்ப்பொருள் வடிகட்டிச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தையே நேராகப் பற்றுகிறது. அப்படிக் குறியாகும் புரதங்களுள் முதன்மையான பிஎல்ஏ2ஆர் 2009இல் கண்டறியப்பட்டது.

காலக்கணக்கு இங்கே மிக முக்கியம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பிந்தைய அழற்சியிலும் சிறுநீர் இதே நிறத்தில்தான் போகும், ஆனால் அது தொண்டை வலி ஆறி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வரும். சொறி, சிரங்கு பழுத்த பிள்ளைகளுக்கு இன்னும் தாமதமாகவும் வரலாம். அதில் சி3 குறைந்து, பொதுவாக இரண்டு மாதத்துக்குள் தானே மீளும், பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைவார்கள். ஐஜிஏவில் சி3 பொதுவாகக் குறைவதில்லை. இதனால்தான், முதலில் தொண்டை வலி வந்த தேதி எது, சிறுநீர் கறுத்த தேதி எது என்று மீண்டும் மீண்டும் கேட்டு உங்களைத் துளைக்கிறோம்.

இனி பயாப்சி. ஐஜிஏ நெஃப்ரோபதியை 1968இல் பாரிஸில் பெர்ஜே, ஆங்லே என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தது, ஒளிரும் சாயம் ஏற்றித் திசுவைப் பார்க்கும் முறை கைக்கு வந்த பிறகுதான். இன்றும் அந்தச் சாயச் சோதனையில் ஐஜிஏ மேலோங்கித் தெரிந்தால்தான் நோய் உறுதியாகும். அதை உறுதிசெய்யும் இரத்தச் சோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. சிறுநீரோ, வடிகட்டி கசிகிறது என்று சொல்லும். எதனால் கசிகிறது, வடு எவ்வளவு விழுந்துவிட்டது என்று சொல்லாது. ஸ்டீராய்டு போன்ற வலிமையான மருந்தை ஊகத்தின் பேரில் கொடுத்துவிட்டு, சர்க்கரையும் தொற்றும் எலும்புத் தேய்வும் வந்த பிறகு நோயே வேறு என்று தெரிந்தால் யாருக்கு நன்மை?

ஆயினும் பெரியவர் எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் பயாப்சி தேவையில்லை. சிறுநீரில் சில சிவப்பணுக்கள் மட்டும் இருந்து, புரதமும் இரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் சரியாக இருந்தால், பல மருத்துவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துக்கொண்டு காத்திருப்பார்கள்; நானும் அப்படியே செய்வேன். இந்தத் தம்பிக்குப் புரதம் நீடிக்கிறது, இளம் வயதில் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஊசிக்குப் பின் சிறிது இரத்தக் கசிவு பலருக்கு இருக்கும், அது தானே நிற்கும். இரத்தம் ஏற்றும் அளவுக்கோ வேறு சிகிச்சை தேவைப்படும் அளவுக்கோ போவது அரிது. அம்மாவிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்றும் உண்டு. கிரியேட்டினின் நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஏறுவது, சிறுநீரின் அளவு சுருங்குவது, அதோடு இருமலில் இரத்தம் வருவது, தோலில் செந்தடிப்புகள் தோன்றுவது, இவை ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (நுண் இரத்தக் குழாய்களின் அழற்சி) போன்ற வேக வகை நோய்களின் அடையாளங்கள். சில வாரம் தாமதித்தாலே நிரந்தர டயாலிசிஸில் கொண்டுபோய் விட்டுவிடக்கூடியவை. இவற்றுக்கு அடுத்த ஓபி நாளுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

எண்ணூர் அப்பா:

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் மகனுக்கு நான்கு வயதில் முகமும் வயிறும் வீங்கின. அல்புமின் 4+ என்று வந்தும் பயாப்சி செய்யவில்லை. இந்த வயதில் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் பெருமளவு இறங்கி உடல் வீங்கும் நிலை) பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும் வகைதான் என்று சொல்லி மருந்தையே தொடங்கினார்கள், அடங்கியது. அதன் பிறகு சளி பிடிக்கும்போதெல்லாம் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. காலையில் அவன் எழுந்ததும் முதல் சிறுநீரில் பட்டையை நனைத்து, பெட்டியின் மேலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறேன். தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பியதாகக் கொள்ள வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து ‘நில்’ (இல்லை) அல்லது ‘ட்ரேஸ்’ (மிகச் சிறு அளவு) வந்தால் அடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் வருவதற்கு முன்பே பட்டை காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிள்ளை வைத்திருப்பவர்கள் நோட்டு எழுதுவதை விடாதீர்கள். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

இழையின் பொருளோடு தொடர்புடையது என்பதால் கேட்கிறேன். முகம் வெளுக்கும் க்ரீம்களால் சிறுநீரில் புரதம் போகும் என்று செய்தியில் படித்தேன். எங்கள் பகுதிக் கடைகளில் தயாரித்தவர் பெயரே அச்சிடாத சிறு டப்பாக்கள் விற்கின்றன. இது உண்மையா?

சிறுநீரக மருத்துவர் (பெரம்பூர்):

உண்மை. கேரளத்தில் மலப்புரம் பகுதி மருத்துவர்கள், மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியோடு வந்தவர்களில் பலர் இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்கள் என்பதைக் கவனித்து 2023இல் பதிவு செய்தார்கள். அவற்றில் பாதரசம் இருந்தது. திசுவில் நெல்-1 (NELL-1) என்ற புரதம் தெரியும் வகை அது. பாரம்பரிய மருந்துகள் சிலவற்றை உட்கொண்டவர்களிடமும் இதே வகையை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பொருளை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் மெல்லக் குறைந்துவிட்டது என்பது ஆறுதல். ஆகவே சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது என்று வருபவரிடம் என்ன பூசுகிறீர்கள், என்ன லேகியம், என்ன பற்பம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். திட்டுவதற்காகக் கேட்பதில்லை, டப்பாவையே கொண்டுவந்து காட்டுங்கள்.

மூலக்கொத்தளம் பெரியவர்:

சித்த மருத்துவம் முழுவதையும் குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாது. முறையாகக் கற்றவர் தருவதும், பெயரில்லாத பொட்டலமும் ஒன்றல்ல. பையனுக்குப் பயாப்சி தேவை என்பதை இப்போது மறுக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் வேண்டும் என்பதை மருத்துவர்களும் தாளில் எழுதித் தந்தால் மேஸ்திரிகள் கேட்பார்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:

நல்ல செய்தியாக எழுதுகிறேன். அம்மாவே சம்மதித்துப் பயாப்சி முடிந்தது. மறுநாள் வரை சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தது, பிறகு தெளிந்தது. முடிவு ஐஜிஏ நெஃப்ரோபதிதான். தாளில் எம்1 இ0 எஸ்0 டி0 சி0 என்று எழுதியிருக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 1.4 கிராம். டெல்மிசார்டான் தொடங்கியிருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஸ்டீராய்டு இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். மருந்து குறைவாக இருக்கிறதே என்று அம்மாவுக்கு இப்போது வேறு கவலை. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

சிறுநீரக மருத்துவர் (பெரம்பூர்):

அந்த ஐந்து எழுத்துகளும் திசுவில் ஐந்து மாற்றங்களுக்கு இடும் மதிப்பெண்கள். எம்1 என்றால் வடிகட்டியின் நடுப்பகுதியில் செல்கள் பெருகியுள்ளன. எஸ், டி இரண்டும் சுழி என்பது வடு அதிகம் விழவில்லை என்று பொருள், சி சுழி என்பது வேகமாக அழிக்கும் பிறை வடிவ மாற்றம் இல்லை என்று பொருள். டெல்மிசார்டானை வெறும் பிரஷர் மாத்திரை என்று எண்ண வேண்டாம். வடிகட்டியின் உள்ளழுத்தத்தைத் தணித்துப் புரதக் கசிவைக் குறைப்பதற்காகவே தருகிறோம். தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிட வேண்டும். சில மாதம் கழித்தும் புரதம் போதிய அளவு குறையாவிட்டால் டாபாகிளிஃப்ளோசின், ஸ்டீராய்டு போன்றவற்றைப் பற்றி உங்கள் மருத்துவர் யோசிப்பார். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் குறைக்காமல் மாத்திரையை மட்டும் நம்பினால் அது பாதி வேலைதான் செய்யும்; காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை விடச் சொல்வது கொடுமை என்று எனக்கும் தெரியும்.

காய்ச்சலின்போது நிறம் மீண்டும் மாறலாம். வாந்தி, பேதி இருந்து நீர் இறங்காவிட்டால் டெல்மிசார்டானைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். சிறுநீரின் அளவு குறைந்தாலோ, ஒரு வாரமாகியும் நிறம் தெளியாவிட்டாலோ கிரியேட்டினின் பார்க்க வேண்டும். புரத அளவுக்கான சோதனையைக் காய்ச்சல் ஓய்ந்த பிறகு எடுங்கள், இல்லையேல் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

வண்ணாரப்பேட்டை லேப்:

24 மணி நேரச் சேகரிப்பில் பலர் தடுமாறுவது தொடக்கத்தில்தான். காலை ஆறு மணிக்குப் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அதற்குப் பின் போவது அனைத்தையும், மறுநாள் ஆறு மணிக்குப் போவது வரை கேனில் சேருங்கள். ஷிப்ட் வேலையில் ஒரு முறை விட்டுப்போனாலும் கணக்குத் தவறிவிடும் என்பதால், தம்பியின் விடுமுறை நாளில் தொடங்குவது நல்லது. அதுவும் முடியாவிட்டால், காலை முதல் சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுத்தால் ஒப்பிட எளிது.